சுளை அருமை, தோல் கொடுமை: பே ஏரியாத் தோட்டத்தில் ஓரோபிளாங்கோ

கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில், ஓரோபிளாங்கோ என்ற கிரேப்ஃப்ரூட் ரகத்தை வைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு அடிப்படை விஷயங்கள் தெரிந்தே இருக்கும். விதை இல்லை, புளிப்பு இல்லை, சுளை வெளிர் மஞ்சள். நர்சரி அட்டையில் இவ்வளவும் எழுதியிருக்கும். எழுதாமல் விடுவது தோலைப் பற்றி மட்டும்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துபோகும். கிரேப்ஃப்ரூட்டுக்குப் புளிப்பு இறங்க வெயில் வேண்டும். பகலில் மட்டுமல்ல, ராத்திரியிலும் சூடு இருக்க வேண்டும். டெக்சஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் ரியோ ரெட் என்ற சிவப்பு கிரேப்ஃப்ரூட் தேனாக இருப்பதற்கும், அதே செடி நம் பக்கத்துச் சான் ஹோசேயில் முகத்தைச் சுளிக்க வைப்பதற்கும் காரணம் இதுதான். ஃப்ரீமாண்ட், சன்னிவேல் பக்கம் ஜூலை ராத்திரியில்கூட ஸ்வெட்டர் தேடுகிறோம். மரத்துக்கு மட்டும் சூடு எங்கிருந்து வரும்?

ஓரோபிளாங்கோவுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு ஆராய்ச்சி நிலையத்தில் சூஸ்ட், கேமரன் என்ற இருவர் 1958இல் செய்த கலப்பு இது. அமிலமே இல்லாத ஒரு பம்பளிமாஸோடு, வழக்கமான இரண்டுக்குப் பதில் நான்கு தொகுதி குரோமோசோம் கொண்ட வெள்ளை கிரேப்ஃப்ரூட்டைச் சேர்த்தார்கள். 1980இல் வெளியிட்டார்கள். புளிப்பு பிறவியிலேயே குறைவு என்பதால் வெயிலை எதிர்பார்த்து நிற்காது. பிறந்ததோ மூன்று தொகுதி குரோமோசோமோடு, அதனால் விதை கிடையாது. பக்கத்தில் எந்த எலுமிச்சை, ஆரஞ்சு பூத்தாலும் கவலை இல்லை. இஸ்ரேலிலும் இதைப் பெரிய அளவில் வளர்த்து 'ஸ்வீட்டி' என்ற பெயரில் விற்கிறார்கள். சர்க்கரை தூவாமல் சாப்பிடக்கூடிய கிரேப்ஃப்ரூட் என்றால் இந்தக் குளிரில் இதுவும் இதன் உடன்பிறப்பு மெலோகோல்டும்தான்.

இப்போது தோல். பழத்தைக் கையில் எடுத்தால் தேங்காய் மாதிரி கனமாக இருக்கும். அறுத்தால் உள்ளே ஒரு நல்ல சாத்துக்குடி அளவுக்குத்தான் சுளை. மீதியெல்லாம் வெள்ளைப் பஞ்சு. தண்ணீர் ஊற்றி, உரம் வைத்து, ஒரு வருஷம் காத்திருந்து வளர்ப்பது குப்பைத் தொட்டிக்கா என்று ஒவ்வொரு பழத்தை அறுக்கும்போதும் தோன்றும். அதற்கடுத்து சுளையைச் சுற்றியிருக்கும் சவ்வு. கசப்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது, நரிங்கின் என்ற பொருள். பாதியாக அறுத்துக் கரண்டியால் தோண்டிச் சாப்பிடுகிறவர்கள் 'இதுவும் கசக்கிறதே' என்பார்கள். தப்பு பழத்தின் மேல் இல்லை, கரண்டியின் மேல்.

சாப்பிடும் முறை இப்படி. மேலும் கீழும் சுளை தெரியும்வரை சீவுங்கள். பழத்தை நிற்க வைத்து, வளைவை ஒட்டிக் கத்தியை இறக்கித் தோலையும் பஞ்சையும் சேர்த்து எடுங்கள். பிறகு ஒவ்வொரு சுளையையும் சவ்விலிருந்து பிரித்தெடுங்கள். பழகினாலும் ஒரு பழத்துக்கு ஐந்து நிமிஷம் பிடிக்கும். காலையில் பள்ளிக்கூட டப்பா கட்டுகிற வீட்டில் இது நடக்கிற காரியமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தோல் தடிப்பது இந்த ரகத்தின் பிறவிக் குணம். ஆனால் அதை இன்னும் மோசமாக்குவது பெரும்பாலும் நம் கைதான். இளம் மரத்தின் முதல் இரண்டு மூன்று காய்ப்பில் தோல் மிகவும் தடிப்பாக, சொரசொரப்பாக இருக்கும். அதைச் சாப்பிட்டுப் பார்த்து மரத்தைத் தீர்மானிக்காதீர்கள். நட்ட முதல் இரண்டு வருஷம் பிஞ்சைக் கிள்ளிவிடுவதே நல்லது, மரமாவது வளரும். தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் தோல் தடிக்கும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) போதாவிட்டாலும் தடிக்கும், பழத்தின் நடுவிலும் பொந்து விழும். சாம்பல்சத்து (பொட்டாஷ்) மிஞ்சினாலும் அதே கதை: பழம் பெருக்கும், தோலும் கூடவே பெருக்கும். 'காய் பெருக்கும்' என்று பொட்டாஷ் தூக்கலாக விற்கிற டப்பாக்களை வாங்கிக் கொட்டுகிறவர்கள் தோலுக்குத்தான் தீனி போடுகிறார்கள். மண் பரிசோதனை செய்யாமல் பொட்டாஷைத் தொட வேண்டாம்.

தழைச்சத்துக்குக் கணக்கு இது. நட்ட வருஷம் மொத்தமே 50 கிராம் நைட்ரஜன் போதும். வருஷா வருஷம் கொஞ்சம் கூட்டி, முழு மரத்துக்கு 450 கிராமில் நிறுத்துங்கள். அம்மோனியம் சல்ஃபேட்டில் 21 சதவீதம்தான் நைட்ரஜன், ஆக முழு மரத்துக்கு வருஷத்துக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். பிப்ரவரிக் கடைசி, மே, ஜூலை என்று மூன்றாகப் பிரித்து, கிளைகளின் விளிம்புக்கு நேர் கீழே தூவித் தண்ணீர் விடுங்கள். செப்டம்பருக்குப் பிறகு வேண்டாம். அப்போது வரும் துளிர் பனியில் கருகும்.

பறிக்கும்போதும் பார்த்துப் பறித்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். மரத்தின் உள்ளே, இலை நிழலில் தொங்கும் நடுத்தரப் பழங்களில் தோல் மெல்லிசாக, வழவழப்பாக இருக்கும். உச்சியில் வெயில் படுகிற இடத்தில் கழுத்து நீண்டு, பெரிதாக, கண்ணைப் பறிக்கிற மாதிரி இருப்பவைதான் ஏமாற்றுக்காரர்கள். அவற்றை விருந்தாளிக்குக் கொடுத்துவிடுங்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

வீணாகிறதே என்று மனசு கேட்காதவர்கள் பஞ்சோடு சேர்த்துத் தோலை விரல் கனத்துக்கு நறுக்கி, தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று முறை பத்துப் பத்து நிமிஷம் வேகவைக்கலாம். நரிங்கின் தண்ணீரில் இறங்கிவிடும். பிறகு சம எடை சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து, துண்டுகள் கண்ணாடி போல ஆகும்வரை சிறு தீயில் காய்ச்சி, ஒரு ராத்திரி உலர விட்டால் மிட்டாய். நார்த்தங்காய்ப் பக்குவத்தில் ஊறுகாய் போட நினைக்காதீர்கள். அந்த மணம் இதில் கிடையாது.

தோலில் இன்னொரு எரிச்சல்: நிறம். பழுத்தாலும் பச்சை முழுசாகப் போகாது. ரிவர்சைடு பக்கம் டிசம்பரிலேயே இனித்துவிடும். பே ஏரியாவில் ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. நன்றாக மஞ்சளாகட்டும் என்று மே, ஜூன் வரை விட்டுவைத்தால் காம்புப் பக்கச் சுளை வறண்டு போகும், அடுத்த வருஷக் காய்ப்பும் குறையும். ஜனவரி நடுவில் ஒன்றை அறுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், அதுதான் சோதனை. பறித்த பிறகு இனிப்பு ஏறாது.

மரத்தைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை, ஒன்றைத் தவிர. அளவுக்கு மீறி வளரும். இரண்டு மனை சேர்ந்த தோட்டம் இருந்தால் சரி. நகரத்துக் கொல்லைக்கு ஃப்ளையிங் டிராகன் என்ற குட்டை ரக வேர்ச்செடியில் (ஒட்டுக்குக் கீழே வேராக இருக்கும் செடி) ஒட்டுக்கட்டியதைக் கேட்டு வாங்குங்கள். மெதுவாக வளரும், ஆனால் ஏணி இல்லாமல் பறிக்கிற உயரத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒட்டுக்குக் கீழே போத்து வந்தால் அடையாளம் சுலபம்: மூன்று சிற்றிலை, வளைந்த முள். பார்த்த அன்றே பிய்த்து எடுங்கள். விட்டுவைத்தால் மேலே உள்ள நல்ல ஒட்டை அது அமுக்கிவிடும்.

இந்த வேர்ச்செடிக்குக் கார மண் ஆகாது. நரம்பு பச்சையாகவும் நரம்புகளுக்கு இடையில் மஞ்சளாகவும் புதுத் துளிர் வந்தால் இரும்புச் சத்து ஏறவில்லை என்று அர்த்தம். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈடிடிஏ கீலேட் (செடி உறிஞ்சும்படி பிணைத்த இரும்பு) கார மண்ணில் நிற்காது. ஈடிடிஹெச்ஏ என்று போட்ட, சிவப்புக் கரைசல் ஆகிற இரும்புதான் வேலை செய்யும். களிமண்ணில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அங்கே நடாதீர்கள், மேடு கட்டி நடுங்கள். சொட்டுநீர்க் குழாயை அடிமரத்திலிருந்து தள்ளிப் போடுங்கள், மூடாக்கும் தண்டைத் தொடக்கூடாது. அடிமரம் ஈரமாகவே இருந்தால் பட்டை வெடித்துப் பிசின் ஒழுகும். அது பைட்டோப்தோரா என்ற அழுகல் நோய், வந்தபிறகு சரிசெய்வது கஷ்டம்.

லிவர்மோர், மோர்கன் ஹில் மாதிரிப் பனி இறங்கும் இடங்களில் இளஞ்செடியை மூடிவைக்க வேண்டும். துணி இலையைத் தொடாமல் கம்பு நட்டுப் போர்த்துங்கள், பழைய இழை பல்பு மாலை ஒன்றை உள்ளே தொங்க விடுங்கள். எல்இடி மாலை வெளிச்சம்தான் தரும், சூடு தராது.

நம் வீடுகளுக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு: கறிவேப்பிலை. ஆசிய சிட்ரஸ் சைலிட் என்ற சின்னப் பூச்சிக்குக் கறிவேப்பிலைக் கொழுந்தும் பிடித்த தீனி. சிட்ரஸ் மரத்தைக் கொல்லும் 'பச்சையாகும் நோய்' (சிட்ரஸ் கிரீனிங்) என்பதைப் பரப்புவது அந்தப் பூச்சிதான். கலிபோர்னியாவில் பூச்சியை 2008இலும் நோயை 2012இலும் கண்டுபிடித்தார்கள். நோய் கண்ட மரத்துக்கு மருந்து இல்லை, வெட்டி எடுப்பதுதான் வழி. கறிவேப்பிலைக் கொழுந்தை அடிக்கடி திருப்பிப் பாருங்கள். பூச்சி பின்புறத்தைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்திருக்கும், குஞ்சுகள் வெள்ளை மெழுகு இழை விடும். எறும்பு ஏறாமல் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது. சைலிட்டைத் தின்னும் குளவிகளை அண்டவிடாமல் விரட்டுவது எறும்புதான். இந்தப் பூச்சிக்காகவோ நோய்க்காகவோ அரசு தனிமைப்படுத்திய பகுதிக்குள் இருந்தால், ஊர் விட்டு ஊர் நண்பர்களுக்குக் கறிவேப்பிலைக் கன்றோ ஒட்டுக்குச்சியோ கொண்டுபோகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சட்டப்படியும் அது குற்றம்.

இலை துளைப்பான் இளந்துளிரில் வெள்ளிக் கோடு போடும், இலை சுருளும். பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். நான்கு வயது தாண்டிய மரத்தில் கண்டுகொள்ள வேண்டாம்.

வீட்டில் கொழுப்புக்கு சிம்வாஸ்டாடின், அடோர்வாஸ்டாடின், ரத்த அழுத்தத்துக்கு ஃபெலோடிபின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் புளிப்பில்லாத ரகம்தானே என்று கொடுத்துவிடாதீர்கள். மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் பொருள் பம்பளிமாஸிலும் உண்டு, கிரேப்ஃப்ரூட்டிலும் உண்டு. இரண்டுக்கும் பிறந்தது இது. டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மெலோகோல்டுக்குத் தோல் சற்று மெல்லிசு, பழமும் பெரிசு, ஆனால் குளிரைத் தாங்குவதில் ஒரு படி குறைவு. இரண்டு மரத்துக்கு இடம் இருந்தால் ஓரோபிளாங்கோவை நம்பி வைக்கலாம். ஒரே மரத்துக்குத்தான் இடம் என்றால் வேண்டாம். கோல்ட் நக்கெட் மாண்டரின் வையுங்கள், குழந்தைகள் கையாலேயே உரித்துத் தின்னும். ஓரோபிளாங்கோவைப் பக்கத்து வீட்டுக்காரரை வைக்கச் சொல்லுங்கள். ஒரு மரம் நன்றாகக் காய்த்தால் தெருவுக்கே போதும், பிப்ரவரியில் அவரே பை பையாகக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்.