கிரேக்கக் கல்வெட்டுத் தரவுத்தளங்கள்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பேக்கர்ட் கழகத்தின் கிரேக்கக் கல்வெட்டுத் தரவுத்தளத்தைத்தான் பல ஆண்டுகளாக அதிகம் பயன்படுத்துகிறேன். இலவசம். ஒரு சொல்லின் துண்டைத் தட்டினாலே ஏதென்ஸ் முதல் கருங்கடல் கரை வரை அது வரும் கல்வெட்டுகள் வந்து நிற்கும். ஆனால் இருப்பது கல்வெட்டின் கிரேக்கப் பாடம் மட்டும்தான். ஆங்கில மொழிபெயர்ப்போடு படிக்க, ஏதென்ஸ் பகுதிக் கல்வெட்டுகளுக்கு அட்டிக் இன்ஸ்கிரிப்ஷன்ஸ் ஆன்லைன் என்ற இணையதளம் இருக்கிறது. 2012 முதல் இயங்குகிறது. புதியவர்கள் அங்கே தொடங்குவதே நல்லது.

தேடும்போது அடைப்புக்குறிகளைப் பாருங்கள். கல்வெட்டுகளைப் பதிப்பிக்க 1931இல் வகுத்த லெய்டன் குறியீட்டு முறைப்படி, சதுர அடைப்புக்குள் இருப்பவை கல்லில் இன்று இல்லாத எழுத்துகள். பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியவை. கீழே புள்ளியிட்ட எழுத்து ஐயத்துக்குரியது. தேடல் முடிவுகளில் ஊகச் சொல்லும் கல்லில் உள்ள சொல்லும் சேர்ந்தே வரும்.

இது சின்ன விஷயமில்லை. சிசிலியின் எகெஸ்டா நகரோடு ஏதென்ஸ் செய்த உடன்படிக்கைக் கல்லில், ஆண்டைக் குறிக்கும் அர்கோனின் (அந்த ஆண்டின் தலைமை அதிகாரி) பெயர் சிதைந்திருக்கிறது. இறுதி எழுத்துகள்தான் தெளிவு. ஹாப்ரோன் என்று நிரப்பினால் கி.மு. 458/7. ஆன்டிஃபோன் என்றால் கி.மு. 418/7. நாற்பது ஆண்டு இடைவெளி! இந்தக் கல்லில் உள்ள மூன்று கோட்டு சிக்மா ('ஸ்' ஒலிக்கான எழுத்தின் பழைய வடிவம்) கி.மு. 446 வாக்கிலேயே வழக்கொழிந்தது என்று நம்பியவர்கள் பிந்திய ஆண்டை ஏற்கவில்லை. வரலாற்றாய்வாளர் ஹெரால்ட் மாட்டிங்லி பல பத்தாண்டுகள் அந்த நம்பிக்கையை எதிர்த்து எழுதினார். லேசர் ஒளியின் துணையோடு கல்லை ஆராய்ந்தவர்கள் 1990இல் ஆன்டிஃபோன் என்ற வாசிப்பை வெளியிட்டார்கள். இன்று பெரும்பாலோர் அதையே ஏற்கிறார்கள். சிக்மாவை வைத்துக் காலம் கணித்த மற்ற ஆணைகளையும் மறுபடி எடைபோட வேண்டியதாயிற்று.

அதனால் வாதம் ஒரு சொல்லைச் சார்ந்திருந்தால், பெர்லின் அகாதமியின் கிரேக்கக் கல்வெட்டுப் பதிப்பான இன்ஸ்கிரிப்சியோனெஸ் கிரேக்கே தொகுதியைத் திறக்காமல் நான் எழுதுவதில்லை. 1815இல் அவுகுஸ்ட் பெக் தொடங்கிவைத்த பணியின் வழிவந்தது அது. யார் எந்த எழுத்தைக் கண்டார், யார் மறுத்தார் என்பதெல்லாம் அதன் குறிப்புகளில் இருக்கும். குறிப்புகளின் லத்தீன் மிரட்டும், ஆனால் திரும்பத் திரும்ப வருபவை சில தொடர்கள்தான், பழகிவிடும்.

காகிதப் படிகளையும் விட்டுவிடாதீர்கள். ஈரத்தாளைக் கல்மேல் விரித்துத் தூரிகையால் அடித்து, காய்ந்தபின் உரித்தெடுப்பார்கள். நம் மைப்படி போல மை கிடையாது. எழுத்தின் பள்ளம் தாளின் பின்புறம் மேடாக எழும். பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் பெரிய சேகரிப்பு உண்டு. கல் பின்னாளில் தேய்ந்திருந்தாலும், பழைய படியில் அந்த எழுத்து இன்னும் இருக்கக்கூடும்.