வீட்டுக் கணினியில் கரோக்கி: மைக்கை எதில் சொருகுவது?

பாடுபவரைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் மைக் அல்ல, தாமதம். வாய் திறந்து 10 மில்லி செகண்டுக்குள் குரல் ஹெட்போனிலோ ஸ்பீக்கரிலோ திரும்பி வந்தால் காதுக்கு உறைக்காது. 30-ஐத் தாண்டினால் தாளம் பின்னால் இழுக்கும். புளூடூத் ஹெட்செட், யுஎஸ்பி மைக், மிக்ஸர், ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற நான்கு வழிகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

புளூடூத் ஹெட்செட் வேண்டவே வேண்டாம். தாமதம் 100 மில்லி செகண்டுக்கு மேல் போகும். பெரும்பாலான ஹெட்செட்டுகளில் மைக்கை இயக்கியதுமே பாட்டும் போன் பேசுகிற தரத்துக்கு இறங்கிவிடும்.

யுஎஸ்பி கண்டன்சர் மைக் ஒரே கேபிளில் வேலையை முடிக்கும். அதிலேயே ஹெட்போன் துளை இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்கினால் குரல் கணினிக்குள் போய்த் திரும்பாமல் நேராகக் காதுக்கு வரும். துளை இல்லாதவர்கள், மைக் ஒலியைக் கணினி வழியாகவே கேட்க வைக்கும் விண்டோஸின் 'லிசன் டு திஸ் டிவைஸ்' வசதியை நாடுவார்கள். அதில் தாமதம் அப்பட்டமாகத் தெரியும். ஸ்பீக்கர் வைத்துப் பாட இந்த மைக் ஆகாது. மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்து இழுக்கும், ஒலியைக் கூட்டினால் கூவும்.

கூடத்தில் நாலு பேர் மாறி மாறிப் பாடுவதற்கு எங்கள் தேர்வு, மேடைகளில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் மைக்கும், குரலையும் பாட்டையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் எக்கோ உள்ள சின்ன அனலாக் மிக்ஸரும். குரல் கணினிக்குள் நுழைவதே இல்லை, தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கணினி வெறும் பாட்டுப் பெட்டி. இணைப்பில்தான் கவனம் தேவை. லேப்டாப்பின் 3.5 மி.மீ. துளையிலிருந்து இரண்டு 6.35 மி.மீ. மோனோ பின்களாகப் பிரியும் கேபிள் வாங்கி, மிக்ஸரின் ஸ்டீரியோ லைன் உள்ளீட்டில் இடது, வலது என்று சொருகுங்கள். ஒற்றை ஸ்டீரியோ பின்னைப் பேலன்ஸ்டு மோனோ துளையில் (இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் துளை) சொருகினால் இடதிலிருந்து வலது கழிந்துபோகும். நடுவில் இருக்கும் பேஸும் டிரம்ஸும் காணாமல் போய், டிராக் (பாடகர் குரல் இல்லாத பின்னணி இசை) சோகையாய்க் கேட்கும். டிராக் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இதைத்தான்.

சார்ஜர் சொருகியதும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் அது எர்த் சுழல் (கிரவுண்ட் லூப்), அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் வழியே மின்னோட்டம் சுற்றி வருவது. லேப்டாப், மிக்ஸர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுங்கள். அப்படியும் போகாவிட்டால் ஆடியோ கேபிளின் நடுவே ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்கள். மைக் கூவாமல் இருக்க, ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால், பாடுபவருக்கு முதுகு காட்டி நிற்கட்டும்.

பதிவு செய்ய வேண்டுமா, அல்லது அல்ட்ராஸ்டார் டீலக்ஸ் போல மதிப்பெண் போடும் விளையாட்டா? அங்கே, மைக்கை யுஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸுக்குத்தான் முதலிடம். இரண்டு மைக் உள்ளீடு இருந்தால் இரண்டு பேர் குரலும் தனித்தனியாகக் கணினிக்குப் போகும். எக்கோ கலக்காத சுத்தமான குரலும் கிடைக்கும். தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவர், 48,000 ஹெர்ட்ஸ், பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் அளவு) 128 சாம்பிள் என்று வைத்தால் பஃபரால் வரும் தாமதம் போக 2.7, வர 2.7 மில்லி செகண்டுதான். படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்டால் 256-க்கு ஏற்றுங்கள்.

டிராக் கிடைக்காத பாட்டுக்கு, இடதிலிருந்து வலதைக் கழித்து நடுவில் இருக்கும் குரலை நீக்கும் பழைய முறையும் உண்டு, டெமக்ஸ் போன்ற செயற்கை நுண்ணறிவுப் பிரிப்பானும் உண்டு. பழைய மோனோ பாட்டில் முதலாவது எல்லாவற்றையும் அழித்துவிடும், மிஞ்சுவது மௌனம். டெமக்ஸ் மோனோவிலும் பிரிக்கும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.