காந்த அடியா, போல்ட் பிடிப்பா?

வண்டிக்கு வண்டி பேச உதவும் சிபி ரேடியோ 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசுகிறது. அலைநீளம் ஏறத்தாழ 11 மீட்டர். அதில் கால் பங்கு நீளமுள்ள ஆன்டெனா, அதாவது கால் அலைக் கம்பி என்றாலே இரண்டே முக்கால் மீட்டர். அதை நட்டுக்கொண்டு பெங்களூரு அல்சூர் சந்துகளில் ஜீப் ஓட்ட முடியாது. சுருள் வைத்துக் குறுக்கிய கம்பியைத்தான் வாங்குகிறோம். அதைக் காந்தத்தால் ஒட்டும் அடியில் நிறுத்துவதா, போல்ட் போட்டு முடுக்கும் பிடிப்பில் நிறுத்துவதா என்பதில்தான் தகராறு.

காந்த அடியைக் கூரை நடுவில் வைத்தால் வேலை முடிந்தது. சுற்றிலும் இரும்புத் தகடு இருப்பதால் எல்லாத் திசைக்கும் ஏறக்குறையச் சமமாக அலை போகும். அடுக்குமாடிப் பார்க்கிங்கில் நுழையும்முன் கழற்றிவிடலாம். கேன்வாஸ், ஃபைபர் கூரைகளில் ஒட்டாது. சக்லேஷ்பூர் பாதையில் ஒரு மூங்கில் கிளை என்னுடையதைத் தட்டிவிட்டது. கேபிளில் தொங்கியபடி கதவை அடித்துக்கொண்டே வந்தது. அடியில் புகுந்திருந்த செம்மண் பெயின்ட்டில் வட்டமாகக் கோடு போட்டிருந்தது.

போல்ட் பிடிப்பு அசையாது. அடியில் ஸ்பிரிங் இருந்தால் கிளை பட்டாலும் வளைந்து நிமிரும். தொல்லை எர்த்தில்தான், அதாவது வண்டியின் உடலோடு வரும் மின் இணைப்பில். பிடிப்பின் கீழே பெயின்ட்டைச் சுரண்டி வெற்று உலோகத்தைக் காட்ட வேண்டும், உலோகத்தைக் கவ்வும் பல் வாஷர் போட வேண்டும். பின்கதவில் பொருத்தினால் கீலை நம்பக் கூடாது. பின்னல் செம்புப் பட்டையால் உடலோடு இணைக்க வேண்டும். ஓரத்தில் நிற்பதால் அலையும் ஒருபக்கம் சாயும்.

எதுவானாலும், கம்பி ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வேண்டும். கீழ்க்கோடிச் சேனலில் அளவு கூடினால் கம்பி குட்டை, மேல்கோடியில் கூடினால் நீளம். 1.5-க்குக் கீழே வந்தால் போதும்.

நகரத்திலேயே வண்டி ஓட்டுபவருக்குக் காந்தமே சரி. நான் போல்ட்டுக்கு மாறிவிட்டேன். பெயின்ட்டைச் சுரண்டிய அன்று மட்டும் கை நடுங்கியது.