யெஸ்டி ரோட்கிங்: தங்கவயலிலிருந்து அல்சூருக்கு வந்த வண்டியோடு ஆறு ஆண்டுகள்

தொழிற்சாலை மூடப்பட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகிவிட்ட ஒரு மோட்டார் சைக்கிளுக்கு இப்போது மதிப்புரை எதற்கு என்று கேட்கலாம். பெங்களூரில் நான் இந்த வண்டியை நிறுத்தும் இடத்திலெல்லாம், பெட்ரோல் பங்கிலும் சிக்னலிலும் டீக்கடை வாசலிலும், யாராவது ஒருவர் அருகில் வந்து இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்: "சார், வண்டி விற்பனைக்கா?" "தினமும் ஓட்ட முடியுமா?" முதல் கேள்விக்கு இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கேள்விக்கான பதில் சிக்னலில் பச்சை விழுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடியது அல்ல என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1989இல் பதிவான யெஸ்டி ரோட்கிங். மைசூரு யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் செய்யப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, 1970களில் தன் வண்டிகளுக்கு யெஸ்டி என்ற பெயரைச் சூட்டிக்கொண்டது. 250 சிசி, டூ ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், 16 குதிரைத்திறன் கொண்ட ரோட்கிங் அந்தப் பத்தாண்டின் இறுதியில் வெளிவந்தது. 1980களின் நடுவில் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டோடு 100 சிசி வண்டிகள் வந்து, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கை எல்லாருடைய வாயிலும் போட்டன. அதன் பின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் இறுகின. 1996இல் யாதவகிரியில் உற்பத்தி நின்றது. மைசூரு நமக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் இருப்பதால், இந்த வண்டியின் உதிரிபாகங்களும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்க்கும் மெக்கானிக்குகளும் நாட்டின் வேறு எந்தப் பெருநகரத்தையும் விடப் பெங்களூரில் எளிதாகக் கிடைக்கிறார்கள் என்பது என் அனுபவம். சென்னையில் இருக்கும் நண்பர்கள் என்னிடம் பாகம் வாங்கி அனுப்பச் சொல்வதே அதற்குச் சான்று.

2019இல் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பகுதியில் இருந்த ஒரு பெரியவரிடமிருந்து இதை வாங்கினேன். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்; 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலையை விட்டு வெளியே வந்தவர். வண்டியின் விலையை ஐந்து நிமிடத்தில் பேசி முடித்தவர், அதை ஸ்டார்ட் செய்யும் முறையைச் சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். "தம்பி, இத உதைக்கக் கூடாது, அமுக்கணும்" என்று அவர் சொன்னதை இன்றும் ஒவ்வொரு காலையும் நினைத்துக்கொள்கிறேன். புறப்படும்போது பழைய டானிக் பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். அதன் பக்கத்தில் நீளவாக்கில் ஒட்டிய பிளாஸ்திரித் துண்டில் நீல மையால் நான்கு கோடுகள் போடப்பட்டிருந்தன. ஒவ்வொரு கோடும் 40 மில்லி. இந்த இன்ஜினுக்கு ஆயிலைப் பெட்ரோலில் கலந்துதான் ஊற்ற வேண்டும்; ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு கோடு ஆயில். முதல் இரண்டு கோடுகளின் மை எண்ணெய்ப் பிசுக்கில் கலங்கிப் போயிருந்தது. அந்தக் கோடுகளின் மேல் புது மை எழுதியிருக்கிறேனே தவிர, பாட்டிலை மாற்றவில்லை.

இந்த வண்டியில் முதலில் பழக வேண்டியது இடது பக்கத்தில் இருக்கும் அந்த ஒற்றை லீவர். கிக்கரும் அதுவே, கியரும் அதுவே. கியர் நிலையில் முன்னோக்கிப் படுத்திருக்கும் லீவரை உள்ளே அழுத்திப் பின்னால் சுழற்றி நிமிர்த்தினால் அது கிக்கராகிறது. வண்டி ஸ்டார்ட் ஆனதும் மறுபடியும் முன்னால் சாய்த்தால் கியராகிறது. பிஸ்டன் மேலேறும்போது வரும் அழுத்தத்தின் உச்சி எங்கே இருக்கிறது என்று காலால் மெதுவாகத் தேடி, அதைச் சற்றுத் தாண்டவிட்டு, பிறகு உடல் எடையை ஒரே சீராக இறக்க வேண்டும். பெரியவர் "அமுக்கணும்" என்றது இதைத்தான். கோபத்தோடு உதைப்பவரின் கணுக்காலை இந்த லீவர் திருப்பி அடித்துவிடும். கியர் மாற்றும்போது கிளட்ச் பிடிக்காமலேயே மாற்றலாம் என்பது இன்னொரு வசதி. லீவரைக் காலால் நகர்த்தும் அசைவே கிளட்ச்சையும் விடுவித்துவிடும்படி உள்ளே அமைத்திருக்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு முந்தைய இந்த யோசனையின் அருமை கே.ஆர்.புரம் பாலத்தடியில் முக்கால் மணி நேரம் நின்று நகர்ந்து, இடது கை மரத்துப் போகும் நேரத்தில் நன்றாகப் புரியும்.

ஆனாலும் அந்த நெரிசல் இந்த வண்டிக்கு உரிய இடம் அல்ல. அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு அலுவலகத்திற்கு மூன்று மாதங்கள் இதிலேயே போய் வந்து பார்த்த பிறகே இதைச் சொல்கிறேன். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் எரியாத ஆயில், வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது பிளக்கின் முனையில் படிந்து, தீப்பொறியை அணைத்துவிடுகிறது. டின் ஃபேக்டரி சந்திப்பின் நடுவே வண்டியை ஓரம் கட்டி, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டும் வேலையை அந்த மூன்று மாதத்தில் நான்கு முறை செய்தேன். பின்னால் வருபவரின் முகத்தில் நீலப் புகையை ஊதிக்கொண்டு நிற்பதும் மனதிற்கு ஒப்பவில்லை. தினமும் ஓட்ட முடியுமா என்றால் முடியும்; நெரிசல் நேரத்தில் ஓட்ட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இப்போது அலுவலகத்திற்கு மெட்ரோவில் போகிறேன்.

விடிவதற்கு முன் பழைய மதராஸ் சாலையில் இதை எடுத்துக்கொண்டு கிழக்கே போகும்போது இதே வண்டி வேறொன்றாகிவிடுகிறது. ஹொஸ்கோட்டையைத் தாண்டியதும் நான்காவது கியரில் போட்டுவிட்டால், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் தன் இயல்பான தாளத்தைக் கண்டுகொள்கிறது. அந்த ஒலியை எழுத்தில் கொண்டுவர நான் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன்; ஒரே சிலிண்டரிலிருந்து இரண்டு பக்கமும் பிரிந்து இரண்டு நீண்ட சைலன்சர்கள் வழியே வெளியேறும் புகை, ஒரு வெற்றுக் குடத்தைத் தட்டுவது போன்ற ஆழ்ந்த ஒலியைத் தருகிறது என்று மட்டும் சொல்லலாம். குறைந்த வேகத்திலேயே இழுக்கும் திறன்தான் இதன் பெரிய பலம். நாற்பதில் போய்க்கொண்டிருக்கும்போது ஏற்றம் வந்தால் கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை மட்டும் திருகினால் போதும், முதுகில் ஒரு கை வைத்து மெல்லத் தள்ளியது போல ஏறிவிடுகிறது. எண்பதைத் தாண்டினால் கைப்பிடியில் அதிர்வு தெரியும். அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸர் இல்லாத ஒற்றை சிலிண்டர் வண்டியில் அது எதிர்பார்க்க வேண்டியதுதான், வண்டியும் அதற்கு மேல் போகச் சொல்லி நம்மைத் தூண்டுவதில்லை. முல்பாகல் வரை போய், நெய் மணக்கும் முல்பாகல் தோசை இரண்டு சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குள் வீடு திரும்புவது என் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்.

நீண்ட இறக்கத்தில் மட்டும் இதை ஓட்டுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். புதிய வண்டி ஓட்டிப் பழகியவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த இன்ஜினில் ஆயில் தனியாகச் சுற்றுவதில்லை. பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மூடிவிட்டு இன்ஜினை இழுக்கவிட்டால், பிஸ்டன் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அதற்கு ஆயில் போய்ச் சேராது. எனவே சில விநாடிகளுக்கு ஒருமுறை ஆக்ஸிலரேட்டரைச் சற்றுத் திறந்து மூடிக்கொண்டே இறங்க வேண்டும். இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்பதால், முன்னால் போகும் லாரிக்கும் நமக்கும் இடையே இன்றைய டிஸ்க் பிரேக் வண்டிக்கு விடும் தூரத்தைப் போல் இரண்டு மடங்கு விடுவது நல்லது. இரவில் தலைவிளக்கை நம்பி நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் போகாதீர்கள். நான் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

என் கைக்கு வந்த இரண்டாம் ஆண்டில் சிலிண்டரைப் போர் போட, அதாவது அதன் உட்சுவரைக் கடைந்து சற்றுப் பெரிதாக்க வேண்டியிருந்தது. நெருங்கிய நண்பர் சொன்னார் என்று ஒரு பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியைப் போதிய அளவு விடவில்லை. பிஸ்டன் சூடேறும்போது தன்னைச் சுற்றியுள்ள சிலிண்டரை விட விரைவாக விரியும். இடைவெளி குறைவாக இருந்தால் அது அப்படியே கவ்விக்கொள்ளும். ஓசூரைத் தாண்டி சூளகிரிக்கு அருகில், ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது இன்ஜினின் ஒலி திடீரென்று தாழ்ந்தது, அடுத்த நொடி பின்சக்கரம் பூட்டியது போல் இழுபட்டது. கிளட்ச்சின் மேல் எப்போதும் இரண்டு விரல் வைத்திருக்கும் பழக்கம் அன்று என்னைக் காப்பாற்றியது. கிளட்ச்சை அழுத்தியவுடன் சக்கரம் விடுபட்டு, வண்டி சாலை ஓரத்தில் உருண்டு நின்றது. இருபது நிமிடம் ஆறவிட்ட பிறகு கிக்கர் இறங்கியது. அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் வேகத்திலேயே ஓசூர் வரை வந்து, சேலம் பயணத்தை விட்டுவிட்டு, மறுநாள் வண்டியை மினி லாரியில் ஏற்றினேன். போர் போடும் பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது, இடைவெளி எவ்வளவு விடுவீர்கள் என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லாமல் "பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் சிலிண்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

உதிரிபாகங்களுக்கு ஜே.சி. ரோடும் சிவாஜி நகரும் போதும். பழைய அசல் பாகம் கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்கி வைத்துக்கொள்ளலாம். புதிதாகச் செய்து விற்கப்படும் கேபிள், ரப்பர், கேஸ்கெட் ஆகியவற்றின் தரம் கடைக்குக் கடை மாறுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு ரப்பர் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டரின் ரப்பர்களையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டேன். இரண்டு வாரத்திற்கு மேல் வண்டியை எடுக்காமல் இருக்க நேர்ந்தால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை சைலன்சரில் படியும் கரியை எடுக்க வேண்டும். மைலேஜ் எனக்கு 28லிருந்து 30 வரை. பதினைந்து ஆண்டு கடந்த வண்டி என்பதால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்ட வேண்டும். ஆவணத்தில் இருக்கும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் இருப்பவையோடு பொருந்துகின்றனவா என்பதை வாங்கும் முன்பே டார்ச் அடித்துப் படித்துவிடுங்கள். பெயிண்ட் பளபளப்பாக இருக்கும் வண்டியை விட, எண் தெளிவாக இருக்கும் வண்டியே மேல்.

இவ்வளவு வேலைக்கும் ஈடாகக் கிடைப்பது என்ன என்றால், சாலையைத் தவிர, மனிதர்களும்தான். ஜூலை மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சர்வதேச ஜாவா–யெஸ்டி நாள் என்று கொண்டாடப்படுகிறது. பெங்களூரில் அன்று காலை ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான வண்டிகள் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். தாத்தா வாங்கியதை ஓட்டி வரும் கல்லூரி மாணவர், பெட்டி நிறைய உதிரி பிளக்கோடு வரும் ஓய்வு பெற்ற ஊழியர், தமிழும் கன்னடமும் தக்கனி உருதும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும் மெக்கானிக்குகள் என்று எல்லாரும் அங்கே இருப்பார்கள். அங்கே யாரும் வண்டியைத் தொடாதே என்று சொல்வதில்லை. ஒருவர் வண்டியை இன்னொருவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, "உங்க கிளட்ச் கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக் குனிந்துவிடுகிறார். சென்ற ஆண்டு ஒரு முதியவர் என் வண்டியின் அருகில் வெகுநேரம் நின்றார். "ஒரு தடவ கிக்கர் அடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டார். லீவரை உள்ளே அழுத்திப் பின்னால் திருப்பிய அவருடைய கால், என்னுடையதை விட உறுதியாக அதைச் செய்தது. ஒரே அமுக்கில் ஸ்டார்ட் ஆனது. அவர் ஆக்ஸிலரேட்டரைத் திருகவில்லை; இன்ஜின் ஐடிலில் ஓடுவதைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

2022இல் யெஸ்டி என்ற பெயர் 334 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், திரவக் குளிர்விப்பு இன்ஜினோடு மறுபடியும் சந்தைக்கு வந்தது. அலுவலகத்திற்கும் நெடும் பயணத்திற்கும் ஒரே வண்டி வேண்டும் என்பவர்கள் அது போன்ற இக்கால வண்டியையே பார்க்க வேண்டும். பெயர் ஒன்றானாலும் அவை வேறு இயந்திரங்கள். வாரம் ஒரு காலையை ஸ்பேனரோடும் இன்னொரு காலையைச் சாலையிலும் செலவிடத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும் ரோட்கிங்கைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வாங்கும் முன் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பாருங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடேற்றிய பிறகு இன்னொரு முறை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சூட்டில் மூன்று அமுக்குக்குள் எழுந்திருக்காத வண்டிக்குச் செலவு காத்திருக்கிறது.

என் வண்டியில் இப்போது முன் பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறது. புது லைனிங் ஒட்டக் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும். ஞாயிறு அதிகாலை நாலரைக்கு அல்சூர் ஏரிக்கரையிலிருந்து கிளம்பி தங்கவயல் போகிறேன். பெரியவருக்கு வண்டியின் ஒலியைக் கேட்டு ஓர் ஆண்டு ஆகிவிட்டது.