இங்கிலீஷ் வகுப்பு: முதல் இரண்டு வாரம் வீண், மூன்றாவதில்தான் விஷயம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவனாக, இருக்கிறேன். போன வருடம் ஒரு பையர் (எங்களிடம் சரக்கு வாங்குபவர்), துணியின் ஷேடை, அதாவது நிறம் மாறாமல் வருகிறதா என்பதை, எப்படிக் கண்காணிக்கிறீர்கள் என்று மெயிலில் கேட்டிருந்தார். ‘தினமும் செக் பண்ணுவோம்’ என்று மனதில் ஓடியதை ‘வீ வில் செக் எவ்ரி டே’ என்று தட்டிவிட்டேன். ‘எந்தத் தேதியிலிருந்து? இதுவரை செக் செய்யவே இல்லையா?’ என்று பதில் வந்தது, எங்கள் எம்.டி.யையும் சிசியில் போட்டு.

அதற்கப்புறம்தான் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் நடக்கும் ஞாயிறு வகுப்பில் சேர்ந்தேன். எட்டு வாரம், 4,000 ரூபாய். ஏழரைக்கு வகுப்பு என்பார்கள், எட்டுக்கு முன் தொடங்காது. ஃபேன் இரண்டு, ஒன்று சுற்றாது.

முதல் இரண்டு வாரமும் டென்ஸ் சார்ட்தான், இங்கிலீஷ் வினைச்சொல்லின் கால அட்டவணை. பன்னிரண்டு கட்டத்தையும் ஒப்பிக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே ஒப்பித்தவன்தான் நான். ‘ஐ வில் ஹேவ் பீன் ஈட்டிங்’ என்று எந்தப் பையருக்கு எழுதப்போகிறேன்? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் வாரம் வேறு ஒரு மேடம் வந்தார். சார்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டு, ‘காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள்?’ என்று தமிழில் கேட்டார். காபி குடிப்பேன், பேப்பர் படிப்பேன் என்றோம். ‘நாளைக்கு?’ ‘நாளைக்கும் குடிப்பேன்.’ அங்கேதான் பிடித்தார். தமிழில் வழக்கத்துக்கும் வருங்காலத்துக்கும் அதே ‘பேன்’ போதும். இங்கிலீஷில் வழக்கத்தைச் சொல்ல ‘ஐ டிரிங்க்’; ‘வில்’ போட்டால் இனிமேல்தான் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். என் மெயில் கண்முன் வந்து போனது.

அடுத்து, ‘ரெண்டு வருஷமா இங்கே வேலை பாக்குறேன்.’ நமக்கு இது நிகழ்காலம். அதனால்தான் ‘ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் டூ இயர்ஸ்’ என்கிறோம். எப்போதோ தொடங்கி இன்னும் நடக்கிறது என்பதால் ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஃபார் டூ இயர்ஸ்’ என்று வர வேண்டும். சார்ட்டில் மனப்பாடமாக இருந்த கட்டம்தான், எதற்கு என்று அன்றுதான் தெரிந்தது.

‘ஹேவ்’ வரும் இடத்துக்கு மேடம் ஒரு குறுக்குவழி சொன்னார்: தமிழில் ‘இருக்கு’ ஒட்டினால் ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’. துணி வந்திருக்கு, ‘த ஃபேப்ரிக் ஹேஸ் கம்’. நேற்று, திங்கள்கிழமை என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் அது கூடாது, ‘கேம்’தான். நல்ல வழி. ஆனால் ஓட்டை உண்டு. காலையில் ஈரமான ரோட்டைப் பார்த்து ‘நேத்து ராத்திரி மழை பெஞ்சிருக்கு’ என்கிறோமே, அதற்கு ‘ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ சரியா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அடுத்த வாரம் மறக்காமல் வந்து, அந்த ‘இருக்கு’ நம் ஊகம், ‘மஸ்ட் ஹேவ் ரெயின்ட்’ என்று எழுதுங்கள் என்றார். இதற்கே 4,000 கொடுக்கலாம்.

மெயில் எழுதும் வேலையில் இருப்பவர்கள் சேரலாம். சேரும்போதே அந்த மேடத்தின் பேட்ச் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது சரிவராது. எழுத்துப் பயிற்சி குறைவு, நோட்டைத் திருத்துவதும் இல்லை.

இப்போதெல்லாம் மெயில் அனுப்புமுன் ‘வில்’ என்று தேடிப் பார்க்கிறேன். நேற்று ஒரே மெயிலில் நாலு இருந்தது. மூன்றை அடித்தேன்.