ஒளிப்பதிவுக்கு முன்பே கருத்துக் கேட்கும் ஒரு பாடத் தயாரிப்புச் சேவை

பாளையங்கோட்டையில் இயங்கும் சிறு பாடத் தயாரிப்புக் குழு ஒன்றிடம், நீரிழிவு நோயாளிகளுக்கும் வீட்டில் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்குமான இணையவழிப் பாடத்தை எங்கள் அறக்கட்டளை செய்து வாங்கியது. படத்தின் தெளிவைப் பற்றியோ பின்னணிக் குரலைப் பற்றியோ வியந்து சொல்ல ஒன்றும் இல்லை. அந்தத் தரம் வேறு இடங்களிலும் கிடைக்கும். ஆனால் பென்சில் படங்களும் கைப்பேசியில் பதிந்த குரலுமாக இருக்கும் நிலையிலேயே, பாடத்தைப் படிக்கப்போகிறவர்களிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டும் வழக்கம் இவர்களிடம் இருக்கிறது. கொடுத்த பணம் அதற்கே தகும்.

‘பிடித்திருக்கிறதா’ என்று இவர்கள் கேட்பதில்லை. கேட்டால் நம் பக்கத்தில் “நல்லாத்தான் இருக்கு சிஸ்டர்” என்ற ஒரே பதில்தான் வரும். கைப்பேசியைக் கையில் கொடுத்து, பார்க்கும்போது மனத்தில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, பக்கத்தில் அமர்ந்து குறித்துக்கொள்கிறார்கள். முக்கூடல் பகுதியில் பீடி சுற்றும் பெண்களிடம் காட்டிய சுற்றில், மடியில் பீடித்தட்டும் கையில் இலையும் தூளுமாக இருந்தவர்கள் பாடத்தைக் காதால் கேட்டார்களே தவிரத் திரையைப் பார்க்கவில்லை. எழுத்தாக மட்டும் திரையில் வந்த அறிவுரைகள் அத்தனையும் அவர்களைச் சேரவே இல்லை. சீனியைத் தவிர்க்கும்படி சொன்ன இடத்தில் ஒருவர், “அது சரி, நாங்க கருப்பட்டிதானே போடுதோம்” என்றார். கருப்பட்டியும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்ற செய்தி எங்கள் வரைவில் இல்லை. இரண்டையும் திருத்த, உரையை மாற்றி எழுதியதைத் தவிர வேறு செலவில்லை.

இன்சுலின் பகுதியில் அகப்பட்டது இவற்றைவிடப் பெரியது. நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் இன்சுலின் குப்பிகளில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட் இருக்கும். அதற்கான ஊசியின் மூடி சிவப்பு. ஓவியர் வரைந்திருந்ததோ ஒரு மில்லி லிட்டருக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கான ஆரஞ்சு மூடி ஊசி. அந்த ஊசியில் 20 என்ற கோடு வரை, மில்லி லிட்டருக்கு 40 யூனிட் உள்ள மருந்தை எடுத்தால் உடலுக்குள் போவது 20 அல்ல, 8 யூனிட்தான். தன் தாய்க்கு நாள்தோறும் ஊசி போடும் ஒரு பெண் பென்சில் படத்தைப் பார்த்ததும், எங்கள் வீட்டு ஊசி இப்படி இருக்காதே என்று சொல்லிவிட்டார். ஒளிப்பதிவு முடிந்த பின் தெரிந்திருந்தால் அந்தப் பகுதி முழுவதையும் மறுபடியும் எடுக்க வேண்டியிருந்திருக்கும். தெரியாமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குறைகளும் உண்டு. ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும் என்பது இவர்கள் கணக்கு. இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் அப்படி எழுதியது இணையதளங்களின் பயன்பாட்டுக் குறைகளைக் கண்டறிவது பற்றி; எந்தப் பொத்தானை அழுத்துவது என்ற குழப்பத்துக்கு அது பொருந்தலாம், மருந்தைப் பற்றிய தவறான புரிதலுக்கும் அதே எண்ணிக்கை போதும் என்று நான் நம்பவில்லை. கண் மங்கிய முதியவர் ஒருவரிடம்கூட வரைவு காட்டப்படவில்லை, நீரிழிவுப் பாடத்துக்கு இது சிறிய விடுபடல் அல்ல. மருத்துவரின் சரிபார்ப்பை எல்லாச் சுற்றுகளும் முடிந்த பிறகு வைத்ததுதான் எனக்குப் பெரிய மனக்குறை. இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் 15 கிராம் அளவு குளுக்கோஸோ சீனியோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும் என்ற பகுதியை அவர் அப்போதுதான் சேர்த்தார்; பதற்றமான நேரத்தில் வீட்டார் நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய அந்தப் பகுதி, படிப்பவர் எவர் கண்ணிலும் படாமலே வெளியாகிவிட்டது.

இந்தச் சேவையை நாடுவோர், மருத்துவர் கையெழுத்திட்ட உரையையே முதல் சுற்றுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும், அதன்பின் சேர்க்கப்படும் எதையும் தனிக் கட்டணமின்றி மறுபடியும் காட்ட வேண்டும் என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.