சுங்கை சிப்புட் சைகை மொழிப் பயிற்சி: ஆய்வுப் பகுதி அருமை, ஆசிரியர் பகுதி போதாது

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கிறது இந்தப் பயிற்சி. மொத்தம் 12 சனிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. கட்டணம் 180 வெள்ளி (ரிங்கிட்). சேர்த்துக்கொள்வது காது கேளாதவர்களை மட்டும்தான். சைகை படிக்க வருவோருக்கான வகுப்பு இல்லை இது. சைகையிலேயே வளர்ந்தவர்கள் தங்கள் மொழியைப் பதிவு செய்யவும், பிரித்துப் பார்க்கவும், பிறகு காது கேட்பவர்களுக்குச் சொல்லித்தரவும் பழகும் இடம். ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போகாமல் தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு இது கிடைப்பது பெரிய காரியம்.

முதல் இரண்டு வாரத்திலேயே பயிற்சி தன் தரத்தைக் காட்டிவிடுகிறது. நம் நாட்டில் பள்ளிக்கூடத்தில் புழங்கிய கே.டி.பி.எம். என்பது மொழியன்று, மலாய் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்டும் குறியீடு. 'மெ', 'பெர்' போன்ற முன்னொட்டுக்குக்கூடத் தனிக் குறி உண்டு. பி.ஐ.எம். எனப்படும் மலேசியச் சைகை மொழி வேறு. அதற்குத் தனி இலக்கணம் இருக்கிறது, 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டமும் அதை ஏற்றிருக்கிறது. ஆனால் பள்ளியில் படித்த பலர், குறியீடுதான் 'சரியான' சைகை, நண்பர்களோடு தாம் பேசுவது கொச்சை என்றே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையோடு ஒருவர் ஆசிரியரானால், பேசாத மொழியைத்தான் கற்றுக்கொடுப்பார்.

இதை விரிவுரையால் மாற்ற முடியாது. பயிற்சியில் செய்வது எளிய சோதனை. எழுத்தில்லாத ஒரு படக்கதையை ஒருவர் முதலில் காது கேளாத நண்பருக்குச் சொல்கிறார், பிறகு அதே கதையைக் காது கேட்கும் ஒருவருக்கு. இரண்டையும் படமெடுத்து ஒரே திரையில் ஓட்டுகிறார்கள். இரண்டாவதில் மலாய்ச் சொல் வரிசை நுழைகிறது, உதடு மலாய்ச் சொல்லை உச்சரிக்கிறது, முகம் அடங்கிப்போகிறது. ஆய்வில் கேள்வி கேட்பவரும் காது கேளாதவராக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை.

வரலாற்றுப் பகுதி சிறிதுதான், ஆனால் தேவையானது. பினாங்கில் 1954இல் காது கேளாதோர் பள்ளி தொடங்கியபோது வகுப்பில் உதட்டசைவும் பேச்சும்தான். வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் தாமே வளர்த்த சைகைதான் பினாங்குச் சைகை மொழி. 1970களில் அமெரிக்கச் சைகைகள் வந்து சேர்ந்தன. முதியவர் ஒருவரைப் படமெடுக்கப் போகும் மாணவர், அவர் கையில் வருவது பினாங்குச் சைகையா, வீட்டுக்குள் பிறந்த சைகையா என்று கேட்கப் பழகுவது இங்கிருந்துதான்.

தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. தமிழ்நாட்டு உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் சைகைக் காணொளிகளைப் பார்த்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வீடுகள் உண்டு. அது இந்தியச் சைகை மொழி. அதில் ஆங்கில எழுத்துகளுக்கு இரண்டு கை வேண்டும். இங்கே ஒரு கை போதும். பேசும் மொழி தமிழ் என்பதால் சைகையும் ஒன்றாகிவிடாது. இந்த விளக்கம் பயிற்சியில் அரைமணி நேரம் வருகிறது. பெற்றோருக்கும் அதைத் தனியாக நடத்தினால் நல்லது.

மூன்றாம் வாரத்திலிருந்து ஒன்பதாம் வாரம் வரை பதிவும் பகுப்பாய்வும். அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கி 1960இல் காட்டிய வழியில், ஒரு சைகையைக் கையின் வடிவம், இடம், அசைவு என்று பிரிக்கிறார்கள். பின்னால் வந்த உள்ளங்கைத் திசையையும் முகக்குறியையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு கூறு மட்டும் மாறிப் பொருள் மாறும் சைகை இணைகளை மாணவர்களே தேடிக் கொண்டுவர வேண்டும்.

படமெடுப்பதில் கொடுக்கும் கவனம் பாராட்டத்தக்கது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். கைபேசியை நொடிக்கு 30 ஃபிரேமில் (படத்தில்) விட்டால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். நொடிக்கு 50 ஃபிரேம், ஷட்டர் திறப்பு நொடியில் 100இல் ஒரு பங்கு என்று வைத்தால் பட்டையும் போகும், வேகமான விரலும் மங்காது. கறுத்த மேனிக்கு வெளிர் நிற ஒற்றைச் சட்டை, கோடு கட்டம் கூடாது, வளையல் கழற்ற வேண்டும். தலைக்கு மேல் ஒரு சாண் இடம் விட்டு, இடுப்புவரை, முழங்கை இருபக்கமும் விரிந்தாலும் அடங்கும்படி படத்தின் எல்லையை அமைக்க வேண்டும். கைப்பிடி இல்லாத நாற்காலி வேண்டும். கைப்பிடியில் முழங்கை இடித்தால் சைகை சுருங்கிவிடும்.

பிறகு ஈலான் மென்பொருள். நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் இலவசமாகத் தருவது. காணொளிக்குக் கீழே வலக்கை, இடக்கை, முகம், உதடு, பொருள் என்று தனித்தனி வரிசை போட்டு, ஒவ்வொரு சைகையும் தொடங்கி முடியும் நேரத்தைக் குறிக்கலாம். பழகிய கைக்கே ஒரு நிமிடக் காணொளிக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். இங்கே நேரும் தவறுகள் வழக்கமானவை. கைபேசிக் காணொளியில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்குவதால், போகப் போகக் குறிப்பு ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாக விலகும். முதலில் ஹேண்ட்பிரேக் என்ற காணொளி மாற்றும் மென்பொருளில் மாறாத ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அடுத்து, காணொளியை வேறு பென்டிரைவுக்கு நகர்த்தியதும் ஈலான் அதைக் காணாமல் தேடும். குறிப்புக் கோப்பும் காணொளியும் ஒரே கோப்புறையில் இருக்கட்டும்.

சைகைக்குப் பெயரிடுவதில்தான் மிகுந்த சிக்கல். மலாயில் படித்தவர்கள் என்பதால் பெயரை மலாய்ச் சொல்லாக, ரோமன் பெரிய எழுத்தில் (கேப்பிட்டல்) எழுதுகிறார்கள். வீடு என்ற ஒரே சைகைக்கு ஒருவர் 'ரூமா' என்றும் இன்னொருவர் 'தெம்பாட் திங்கால்' (குடியிருக்கும் இடம்) என்றும் எழுதினால் தேடும்போது பாதி அகப்படாது. ஒரு சைகைக்கு ஒரே பெயர் என்று பட்டியல் கட்டி, ஈலானிலேயே பூட்டிவைக்கச் சொல்லித்தருகிறார்கள். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. தமிழில் எழுத விரும்புவோருக்கு, இது சைகையின் பெயர் என்று காட்ட அடைப்புக்குறி போன்ற ஓர் ஏற்பாடு வேண்டும். அது பாடத்தில் இல்லை.

ஊர் ஊராகச் சைகையை ஒப்பிட 100 சொல் பட்டியல் தருகிறார்கள். நான், நீ, மூக்கு, காது போன்றவை அதில் கிடையாது. அவற்றை எல்லாருமே சுட்டித்தான் காட்டுவார்கள். சேர்த்தால் உறவில்லாத மொழிகளும் உறவுபோலத் தெரியும். ஒப்புதல் வாங்குவதும் தாளில் கையெழுத்தோடு முடிவதில்லை, சைகையில் விளக்கி அதையும் பதிவு செய்கிறார்கள். முகத்தை மறைத்து வெளியிடலாம் என்ற வாக்குறுதி செல்லாது, இலக்கணத்தில் பாதி முகத்தில் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள், மிகச் சரி.

கடைசி மூன்று வாரம்தான் ஆசிரியர் பயிற்சி. இங்கே மனம் நிறையவில்லை. குரல் இல்லாமல், படமும் பொருளும் வைத்து நடத்துவது, பழங்களின் பட்டியலாக அல்லாமல் உரையாடலாகத் தொடங்குவது என்று முறை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவருக்கு 20 நிமிடம் மாதிரி வகுப்பு, அதுவும் சக மாணவர்களுக்கு. எல்லாருக்கும் சைகை தெரியும். யார் தவறு செய்வார்? காது கேட்பவர் கற்கும்போது உள்ளங்கை திரும்பிவிடும், ஆசிரியரின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பார், தமிழை வாயால் பேசிக்கொண்டே சைகை காட்டி வரிசையைக் கெடுப்பார். அந்தத் தவறைக் கண்டு, கெட்டது வடிவமா, இடமா, அசைவா என்று சட்டென்று சொல்லத்தான் ஏழு வார ஆய்வு. ஆய்வும் கற்பித்தலும் சந்திக்கும் அந்த இடத்தில் தவறு செய்யும் மாணவர் இல்லை. காது கேளாத பிள்ளைகளின் தாய்மாரில் எட்டுப் பேரைத் தாமான் குடியிருப்பிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் அழைத்தால் போதும்.

அறையிலும் திருத்தம் தேவை. வெள்ளைப்பலகை கிழக்குச் சன்னலை ஒட்டியிருப்பதால் பதினொரு மணிவரை ஆசிரியரின் முகம் இருட்டில் கிடக்கிறது. காற்றாடிக்கு மேலே விளக்கு இருப்பதால் கைமேல் நிழல் வெட்டுகிறது. பலகையைப் பக்கச் சுவருக்கு மாற்றலாம், விளக்கைக் கீழே இறக்கலாம், செலவு அதிகமில்லை. காது கேட்கும் சிறப்பு விரிவுரையாளர் வரும் நாளில் ஒரே மொழிபெயர்ப்பாளரை இரண்டு மணி நேரம் நிறுத்துவது சரியில்லை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். திரையில் எழுத்தைப் போட்டதும் பேச்சை நிறுத்தவும் வேண்டும், ஒரே கண் இரண்டையும் பார்க்க முடியாது.

துண்டறிக்கையில் 'ஆய்வாளர் சான்றிதழ்' என்று போட்டிருப்பதை மாற்றச் சொல்வோம். ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளை உதவியோடு ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகம் ஆசிய நாடுகளின் காது கேளாதவர்களுக்கு நடத்திய சைகை மொழியியல் பயிற்சி ஆண்டுக்கணக்கில் போவது. இங்கே கிடைப்பது 48 மணி நேரம். கள உதவியாளர் என்று போட்டால் உண்மையாக இருக்கும், வேலை தருபவரும் சரியான வேலை கொடுப்பார்.

சேர நினைப்பவர் மலாய் ஓரளவு வாசிக்க வேண்டும், சொந்த லேப்டாப் வேண்டும். கேமராவும் டிரைபாடும் அங்கேயே இரவல் தருகிறார்கள், மூன்று பேருக்கு ஒன்று. 180 வெள்ளியை மூன்று தவணையாகக் கட்டலாம். பணம் கட்டுமுன், இந்தத் தொடரில் மாதிரி வகுப்புக்குக் காது கேட்கும் மாணவர்களை அழைக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால், உங்கள் அம்மாவையோ அக்காவையோ கடைசி மூன்று சனிக்கிழமை அழைத்து வர அனுமதி கேளுங்கள்.